சுபம் உண்டா அண்ணாச்சி?

'ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் சரித்திர நாவல்கள் இப்போது சக்கைப்போடு போடுகின்றன' என்று போன இதழில் ஒரே ஒரு வரி எழுதினேன். இந்த வாரத் தபால் மொத்தமும் அதற்கே. பிடியுங்கள்.

கே: சரித்திரக் காதல் என்றால் இளவரசனும் இளவரசியும்தானே? இந்தக் காதல் எங்கிருந்து வந்தது?
— கல்லூரி மாணவி, கோவை

ப: சரித்திரத்திலிருந்துதான், தாயி. ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஹேட்ரியனின் காதலன் ஆன்டினோவஸ் கி.பி. 130இல் நைல் நதியில் மூழ்கிச் செத்தான். சக்கரவர்த்தி அவன் பெயரில் ஒரு நகரமே எழுப்பினார். அவனைக் கடவுளாக்கிக் கோயிலும் கட்டினார். மார்கரீத் யூர்செனார் 1951இல் எழுதிய 'மெமாய்ர்ஸ் ஆஃப் ஹேட்ரியன்' படியுங்கள். மனைவிக்கு மஹால் கட்டியவரை ஊருக்கே தெரியும். காதலனுக்கு ஊரே கட்டியவரை அண்ணாச்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

கே: ஒரே ஒரு புத்தகம் வாங்கத்தான் காசு. எது?
— மாதக் கடைசி வாசகர், சேலம்

ப: மேடலின் மில்லரின் 'த சாங் ஆஃப் அக்கிலீஸ்' (2011). டிராய் யுத்தத்து வீரன் அக்கிலீஸின் கதையை அவன் காதலன் பெட்ரோக்ளஸ் சொல்கிறான். லத்தீனும் கிரேக்கமும் நடத்திய ஒரு டீச்சர் பத்து வருஷம் எழுதிய முதல் நாவல். 2012இல் ஆரஞ்சுப் பரிசு வாங்கியது. முடிவைச் சொல்லிவிட்டேன் என்று என்னைக் கோபிக்காதீர்கள், ஹோமர் முந்திக்கொண்டார். கைக்குட்டைச் செலவு தனி.

கே: எனக்கு அழப் பிடிக்காது. சுபமாக முடிகிற கதை வேண்டும். உண்டா?
— ஏற்கெனவே அழுதவர், விருதுநகர்

ப: உண்டு. அதற்கென்றே 'ரொமான்ஸ்' என்று ஒரு தனிப் பந்தி போட்டிருக்கிறார்கள். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் வகுத்த இலக்கணம் இரண்டே விதி: நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவில் மனநிறைவும் நம்பிக்கையும் இருக்க வேண்டும். கே.ஜே. சார்ல்ஸ், கேட் செபாஸ்டியன் இருவரையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கத்தி வரும், துப்பாக்கி வரும், மிரட்டல் கடுதாசி வரும். காதலர்களுக்குச் சாவு மட்டும் வராது. வில்லனுக்கு உத்தரவாதம் கிடையாது.

கே: இப்படிக் கட்டாயமாகச் சுபம் போடுவது செயற்கை இல்லையா?
— இலக்கியச் சிற்றிதழ் வாசகர், நாகர்கோவில்

ப: இ.எம். ஃபார்ஸ்டரைக் கேளுங்கள். 'மாரீஸ்' நாவலை 1913-14இல் எழுதினார். இரண்டு ஆண்கள், கடைசியில் சேர்ந்து வாழ்கிறார்கள். பையனைத் தூக்கில் தொங்கவிட்டிருந்தால் அச்சேற்றுவது சுலபமாக இருந்திருக்கும் என்று அவரே பின்னுரையில் எழுதிவைத்தார். தொங்கவிட மறுத்தார். நாவல் வெளிவந்தது 1971இல். ஆசிரியர் அதற்கு முந்தின வருஷமே காலமாகிவிட்டார். அழுகையை அன்றைக்கே அச்சடித்திருப்பார்கள், ஓய். சுபத்துக்குத்தான் 57 வருஷம் காத்திருப்பு.

கே: ஃபார்ஸ்டருக்கு அந்தக் கதை எப்படித் தோன்றியதாம்?
— அதே சிற்றிதழ் வாசகர்

ப: எட்வர்ட் கார்பென்டர் என்ற எழுத்தாளர் தன் காதலர் ஜார்ஜ் மெரிலோடு மில்தார்ப் கிராமத்தில் பகிரங்கமாகக் குடித்தனம் நடத்திவந்தார். பார்க்கப் போன ஃபார்ஸ்டரை மெரில் பின்பக்கத்தில் லேசாகத் தட்டினார். அந்தத் தட்டலில் நாவல் முளைத்தது என்பது ஃபார்ஸ்டரே தந்த வாக்குமூலம். இங்கே சில எழுத்தாளர்களைப் பதிப்பாளர்கள் முதுகில் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு அத்தியாயம் வருவேனா என்கிறது.

கே: இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம். நம் கலாசாரத்தைக் கெடுக்காதீர்கள்!
— பண்பாட்டுக் காவலர், (ஊர் போடவில்லை)

ப: மேல்நாட்டிலிருந்து வந்தது சட்டம், வே. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1533இல் ஆண்-ஆண் உறவுக்கு மரண தண்டனை வைத்தார். அங்கே இதற்காகக் கடைசியாக இருவரைத் தூக்கிலிட்டது 1835இல். நமக்கு 1860இல் 377ஆம் பிரிவை எழுதிக் கொடுத்துவிட்டு, 1967இல் இங்கிலாந்தும் வேல்ஸும் தங்கள் சட்டத்தை மாற்றிக்கொண்டன. நம் உச்ச நீதிமன்றம் 377இன் பல்லைப் பிடுங்கியது 2018 செப்டம்பர் 6ஆம் தேதி. எழுதிக் கொடுத்தவன் மறந்த பிறகும் 51 வருஷம் மனப்பாடமாக ஒப்பித்தோம். இதில் எது நம்ம கலாசாரம்?

கே: பெண்களையும் தண்டித்தார்களா?
— வழக்கறிஞர், மதுரை

ப: இங்கிலாந்தில் அப்படிச் சட்டமே கிடையாது. 1921இல் கொண்டுவரப் பார்த்தார்கள். கீழ்ச்சபை சரி என்றது. பிரபுக்கள் சபை வேண்டாம் என்றது. காரணம் பெருந்தன்மை அல்ல: 'இப்படி ஒன்று இருப்பதே பெண்களுக்குத் தெரியாது, சட்டம் போட்டு நாமே தெரியப்படுத்துவானேன்' என்ற பயம். அயர்லாந்திலிருந்து 1778இல் ஓடிப்போய், வேல்ஸில் ஒரே வீட்டில் 50 வருஷம் வாழ்ந்த எலினர் பட்லரையும் சாரா பான்சன்பியையும் பார்க்க வெலிங்டன் பிரபு, கவி வேர்ட்ஸ்வர்த் எல்லாரும் போய் வந்திருக்கிறார்கள். பிரபுக்கள் விருந்து சாப்பிட்டார்களே தவிர, யோசிக்கவில்லை.

கே: அந்தக் காலத்தில் இத்தனை கெடுபிடி. அப்புறம் எப்படி நாவலில் சந்தோஷமாக இருக்கிறார்கள்? நம்பும்படி இல்லையே?
— சரித்திர ஆசிரியர், தஞ்சாவூர்

ப: கேள்வியென்றால் இது கேள்வி. லண்டன் ஹோல்பர்னில் மார்கரெட் கிளாப் என்ற அம்மாள் ஒரு வீடு நடத்தினார். ஆண்கள் கூடுவார்கள், ஆடுவார்கள், பாடுவார்கள், விளையாட்டாகக் கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்வார்கள். 1726 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு போலீஸ் வேலை பார்க்கும் கான்ஸ்டபிள்கள் புகுந்து ஏறக்குறைய 40 பேரைப் பிடித்தார்கள். மூன்று பேருக்குத் தூக்கு. கோர்ட்டுக் கட்டில் இருப்பது சில இரவுகள்தான். ஆனால் ஐயா, அந்த ஞாயிறு 40 பேர் அங்கே இருந்தார்கள் என்றால், அதற்கு முந்தின ஞாயிறுகளிலும் வந்து பழகியவர்கள்தானே? பிடிபட்ட இரவை குமாஸ்தா எழுதினான். பிடிபடாத இரவுகளை நாவலாசிரியர் எழுதுகிறார். இரண்டும் சரித்திரம்.

கே: நாவலைத் திறந்தால் ட்யூக், மூடினால் ட்யூக். உழைக்கிறவர்கள் காதலிக்க மாட்டார்களா?
— தொழிற்சங்கத் தோழர், ஆவடி

ப: நிஜ ட்யூக்குகள் மொத்தப் பேரையும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம், தோழர், நாவல் ட்யூக்குகளுக்கு ரயில் போதாது. உங்களுக்கு ஒலிவியா வெய்ட் எழுதிய 'த கேர் அண்ட் ஃபீடிங் ஆஃப் வாஸ்பிஷ் விடோஸ்' (2020). அச்சகம் நடத்தும் விதவையம்மாளின் கிடங்கில் தேனீக்கள் கூடு கட்டிவிடுகின்றன. கலைக்க வந்த தேனீக்காரப் பெண்மணி அவள் நெஞ்சில் கட்டுகிறாள். கே.ஜே. சார்ல்ஸின் 'அன் அன்ஸீன் அட்ராக்ஷன்' (2017) இன்னும் கீழே இறங்கும்: செத்த பறவைக்குப் பஞ்சு அடைத்து விற்பவனும், லாட்ஜ் நடத்தும் பாதி இந்தியனும். ட்யூக் வாடகைக்குக் கேட்டாலும் ரூம் கிடைக்காது.

கே: 'ரீஜென்ஸி' என்கிறார்களே, அது எந்தக் காலம்?
— போட்டித் தேர்வர், தர்மபுரி

ப: 1811 முதல் 1820 வரை. மூன்றாம் ஜார்ஜுக்குச் சித்தம் கலங்கியதால் மகன் ஆட்சியைக் கவனித்த காலம். ஒன்பதே வருஷம். நாவல்களில் அதற்குள் ஆடி முடித்த நடன விருந்துகளைக் கணக்கெடுத்தால் யாருக்கும் தூங்க நேரமே இருந்திருக்காது. தேர்வில் வராது, போய்ப் படியுங்கள்.

கே: பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் கதைகளுக்கு ராணி யார்?
— நூலகர், மன்னார்குடி

ப: சாரா வாட்டர்ஸ். தன்பாலீர்ப்புச் சரித்திர நாவல்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு தானே எழுதி மற்றவர்களுக்கு ஆராய்ச்சிப் பொருளானார். முதல் நாவல் 'டிப்பிங் த வெல்வெட்' (1998): விட்ஸ்டபிள் கடற்கரையில் அப்பாவின் கடையில் சிப்பி உடைக்கும் பெண், ஆண் வேஷம் கட்டிப் பாடும் மேடைக்காரியிடம் மனசைப் பறிகொடுக்கிறாள். முதல் சந்திப்பில் அவளுக்கு ஒரே வெட்கம்: எத்தனை கழுவினாலும் விரலில் சிப்பி வாடை போகவில்லை. மேடைக்காரி அதே கையைப் பிடித்து முகர்ந்து பார்க்கிறாள். முடிந்தது கதை, இனி நாவல்.

கே: அவருடைய 'ஃபிங்கர்ஸ்மித்'தான் 'த ஹேண்ட்மெய்டன்' என்று கொரியப் படமாக வந்துவிட்டதே. படம் பார்த்தால் போதாதா?
— சினிமா ரசிகர், வடபழனி

ப: போதாது. 2002இல் வந்த நாவல் நடப்பது விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில். 2016இல் பார்க் சான்-வூக் அதை ஜப்பான்காரன் ஆண்ட கொரியாவுக்குக் குடிமாற்றினார். பின்பாதியும் வேறு. நாவலின் முதல் பாகம் முடிகிற இடத்தில் ஒரு அடி விழும் பாருங்கள், புத்தகத்தைச் சுவரில் எறிவீர்கள். எறிந்த கையோடு எழுந்துபோய் எடுப்பீர்கள்.

கே: நம்ம ஊருக்கும் இந்த நாவல்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா, சும்மா இழுக்காமல்?
— சென்னைப் பற்றாளர், சிந்தாதிரிப்பேட்டை

ப: இழுக்கவே வேண்டாம், தானே வருகிறது. எம்மா டோனஹ்யூவின் 'லேர்ன்ட் பை ஹார்ட்' (2023). கதாநாயகி எலைசா ரெய்ன் நிஜப் பெண், பிறந்தது மதராஸில். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தியர், அம்மா இந்தியப் பெண். சிறுமியாகக் கப்பலேற்றப்பட்டு யார்க் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்ந்தாள். சாய்ந்த கூரைக்கு அடியில் ஒரு மாடி அறை. அங்கே அவளோடு தங்கிய இன்னொரு பெண் ஆன் லிஸ்டர். இருவருக்கும் வயது 14. காதல்.

லிஸ்டர் பின்னால் நாட்குறிப்பு எழுதிப் பெரும் புகழ் பெற்றார். அந்த நாட்குறிப்பு தொடங்குவதே 1806 ஆகஸ்டில் எலைசா விடைபெற்றுப் போன நாளோடுதான். மதராஸ் பெண்ணோ மனநோய் விடுதியில் முடிந்தாள். சுபம் இல்லை, முன்பே சொல்லிவிட்டேன். லிஸ்டருக்கு டிவி தொடர் உண்டு, சிலை உண்டு. ஆகஸ்டில் சென்னை தினம் கொண்டாடும் மேடை எதிலாவது எலைசா பெயரைக் கேட்டால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

கே: அந்த நாட்குறிப்பை வீட்டார் எரிக்காமல் விட்டதெப்படி?
— டைரி எழுதி மாட்டியவர், திண்டுக்கல்

ப: மயிரிழையில் தப்பியது. சுமார் 50 லட்சம் வார்த்தை. அதில் ஆறில் ஒரு பங்கு கிரேக்க எழுத்தும் கணக்குக் குறிகளும் கலந்த சங்கேதம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதே வம்சத்து ஜான் லிஸ்டரும் ஒரு நண்பரும் சங்கேதத்தை உடைத்துப் படித்தார்கள். நண்பர் வெலவெலத்து 'எரித்துவிடு' என்றார். ஜான் எரிக்கவில்லை, ஷிப்டன் மாளிகையில் மரப்பலகைச் சுவருக்குப் பின்னால் சொருகிவைத்தார். 1988இல் ஹெலனா விட்பிரெட் பெயர்த்தெழுதிப் புத்தகமாக்கினார். உங்கள் டைரிக்கும் ஒரு சுவர் பாருங்கள்.

கே: எனக்கு வயது 71. எல்லா நாவலிலும் 20 வயசுப் பிள்ளைகளே காதலிக்கிறார்களே!
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஸ்ரீரங்கம்

ப: டீச்சர், உங்களுக்கென்றே கோர்ட்னி மிலன் 2019இல் 'மிஸஸ் மார்ட்டின்ஸ் இன்கம்பேரபிள் அட்வென்ச்சர்' எழுதினார். ஒருத்திக்கு 73, இன்னொருத்திக்கு 69. முதலாமவரின் உறவுக்காரத் தறுதலைப் பையன் வாடகை பாக்கி வைத்திருக்கிறான். இரண்டாமவர் வசூலிக்க வருகிறார். பாக்கி வசூலானதோ இல்லையோ, காதல் வசூலாகிவிட்டது. ஹவுஸ் ஓனர்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். அவர்களுக்கும் ஒரு நம்பிக்கை வேண்டாமா?

கே: திருநங்கை கதாநாயகியாக வரும் சரித்திர நாவல், அனுதாபப் பிச்சை போடாமல்?
— வாசகி, தூத்துக்குடி

ப: அலெக்ஸிஸ் ஹாலின் 'எ லேடி ஃபார் எ ட்யூக்' (2022). வாட்டர்லூ யுத்தத்தில் செத்துவிட்டதாக ஊர் நம்புகிறது. அந்த வாய்ப்பில் வயோலா தன் பட்டத்தையும் சொத்தையும் உதறிவிட்டுத் தானாகவே வாழத் தொடங்குகிறாள். உயிர் நண்பன் ட்யூக்கோ 'நண்பன் போய்விட்டானே' என்று உருகி அபினில் கிடக்கிறான். நண்பன் எதிரிலேயே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறாள். அனுதாபம் முழுக்க ட்யூக்குக்கு.

கே: படுக்கையறைக் காட்சிகள் எப்படி? வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.
— கூட்டுக் குடும்பம், காரைக்குடி

ப: சார்ல்ஸ், செபாஸ்டியன்: கதவு விரியத் திறந்திருக்கும். மேரி ரெனால்ட் (அடுத்த பதிலில் வருவார்): கதவு சாத்தி, திரையும் போட்டிருப்பார். சாண்டில்யன் வர்ணனைகளைத் தாண்டி வந்த பெரியவர்கள் என்றால் கவலை வேண்டாம். அவர்கள் உங்களைவிடத் தேறியவர்கள்.

கே: இந்த நாவல்களில் சரித்திரம் எவ்வளவு, சரடு எவ்வளவு?
— தணிக்கையாளர், ஈரோடு

ப: மேரி ரெனால்டின் 'த பெர்ஷியன் பாய்' (1972) எடுத்துக்கொள்ளுங்கள். அலெக்சாண்டரின் கதையை பகோவாஸ் என்ற பாரசீக இளைஞன் சொல்கிறான். ஆள் நிஜம். படை வீரர்கள் கூச்சலிட்டுக் கேட்க, அலெக்சாண்டர் அவனைச் சபையில் முத்தமிட்டதைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பழைய ஆசிரியர்களிடம் அவனுக்குக் கிடைத்தது சில பத்திகள். ரெனால்ட் அதைச் சில நூறு பக்கமாக்கினார். பத்தி சரித்திரம், பக்கம் சரடு. ஆடிட் முடிந்தது.

கே: யுத்தக் கதை உண்டா?
— முன்னாள் ராணுவத்தினர், வேலூர்

ப: ஆலிஸ் வின்னின் 'இன் மெமோரியம்' (2023). முதல் உலகப் போர்; பள்ளித் தோழர்கள் காண்ட், எல்வுட். ஒருவனிடம் ஒருவன் சொல்லத் துணிவில்லாமல் பீரங்கிக்கு எதிரே போகிறார்கள். நடுநடுவே பள்ளிக்கூடப் பத்திரிகையின் பக்கங்கள் வரும்: இறந்தவர் பட்டியல், காயம்பட்டவர் பட்டியல். முன் அத்தியாயத்தில் கிண்டல் பேசிய பையன் இந்த அத்தியாயத்தில் பட்டியலில் ஒரு வரி. முடிவைச் சொல்ல மாட்டேன், ராணுவ ரகசியம்.

கே: எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும். எளிதாக எது?
— இரவுப்பணி ஊழியர், ஓசூர்

ப: கேட் செபாஸ்டியனின் 'வி குட் பி ஸோ குட்' (2023). 1950களின் நியூயார்க் பத்திரிகை அலுவலகம். நிருபர் நிக் சமைப்பான். முதலாளி மகன் ஆண்டி எதையாவது தொலைப்பான். பெரிய ஆபத்து எதுவும் இல்லை, சாப்பாடு நிறைய. ஒரே மனத்தாங்கல்: 1950களைக் கடைக்காரர் 'சரித்திரம்' அடுக்கில் வைத்திருக்கிறார். என் வயசுக்காரர்கள் வழக்குப் போடலாமா?

கே: ஆசியாக்காரர்கள் எழுதவில்லையா?
— வாசகர், சிங்கப்பூர்

ப: எப்போதோ எழுதிவிட்டார்கள். ஜப்பானின் இஹாரா சைகாகு 1687இல் ஆண் காதலைப் பற்றி மட்டுமே 40 கதைகள் அச்சிட்டுவிட்டார்: சாமுராய்கள் பாதி, கபுகி நடிகர்கள் பாதி. இன்றைக்குச் சீனத்து நாவல் 'மோ தாவ் சூ ஷி'. அதை 2019இல் 'த அன்டேம்ட்' என்று 50 பாகம் டிவி தொடராக்கினார்கள். தணிக்கைக்குப் பயந்து காதலை உயிர் நட்பாக்கினார்கள். நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்த பார்வைக்குக் கத்திரி போட மறந்துவிட்டார்கள்.

கே: கோர்ட் தடை செய்த நாவல்?
— சும்மா தெரிந்துகொள்ள, பாளையங்கோட்டை

ப: ராட்க்ளிஃப் ஹாலின் 'த வெல் ஆஃப் லோன்லினஸ்' (1928). தேடித் தேடிப் பார்த்தாலும் ஆபாச வரி கிடைக்காது; ஆனாலும் லண்டன் நீதிபதி அழிக்கச் சொன்னார். அதே வருஷம் வர்ஜீனியா வுல்ஃப் தன் காதலி வீட்டா சாக்வில்-வெஸ்டுக்குச் சமர்ப்பித்து 'ஒர்லாண்டோ' எழுதினார்: நாயகன் நடுவில் பெண்ணாகிறான், முன்னூறு வருஷத்துக்கு மேல் வாழ்கிறான்(ள்). ஒரு தலைவலியும் இல்லை. நியாயம் கேட்டால் தடை, மாயம் காட்டினால் மாலை.

கே: என் நாவலைப் பதிப்பாளர்கள் திருப்பித் திருப்பி அனுப்புகிறார்கள். தற்கொலை செய்துகொள்வதாக முடித்திருக்கிறேன்.
— வளரும் எழுத்தாளர், புதுச்சேரி

ப: பாத்திரம்தானே? நல்லது. இஸபெல் மில்லர் என்ற புனைபெயரில் ஆல்மா ரவுட்சாங், 1800களின் அமெரிக்காவில் பண்ணை வாங்கி வாழும் இரண்டு பெண்களின் கதையை எழுதினார். 1969இல் சொந்தக் காசில் 1,000 பிரதி போட்டுக் கையில் சுமந்து விற்றார். 1971இல் பரிசு, 1972இல் பெரிய பதிப்பகம் 'பேஷன்ஸ் அண்ட் சாரா' என்று வெளியிட்டது, பின்னால் ஆபரா நாடகமும் ஆனது. அந்தப் பெண்கள் கடைசியில் நிலம் வாங்கிக் குடியேறுகிறார்கள். நீங்களும் நாயகிக்கு விஷத்துக்குப் பதில் ஒரு பட்டா கொடுத்துப் பாருங்கள்.

கே: கேட்கிறேனே என்று நினைக்காதீர்கள். நீங்கள் 'அந்த மாதிரி'யா?
— துப்பறியும் சாம்பு, கடலூர்

ப: 'பொன்னியின் செல்வன்' படித்தபோது யாரும் என்னை 'நீங்கள் சோழரா' என்று கேட்கவில்லை.

கே: மகள் தலையணைக்கு அடியில் இந்த மாதிரி நாவல் ஒன்றைப் பார்த்தேன். என்ன செய்வது?
— கவலையில் ஒரு தாய், பெரம்பலூர்

ப: அவள் கல்லூரிக்குப் போனதும் எடுத்துப் படியுங்கள். மலிண்டா லோவின் 'லாஸ்ட் நைட் அட் த டெலிகிராஃப் கிளப்'பாக (2021) இருந்தால் அம்மாக்களுக்கு ரொம்பப் பொருத்தம்: 1954, சான் பிரான்சிஸ்கோ, சீனக் குடும்பத்துப் பெண் லில்லி. ஒரு அம்மா எதைச் சொல்லக் கூடாது என்பதற்கு அதில் முழுப் பாடமே இருக்கிறது. சாயங்காலம் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதே ஆள் வேறு என்ன எழுதியிருக்கிறார்?'

கே: வளவளக்காமல், ஆளுக்கேற்ற ஒரு பட்டியல் தாருங்கள்.
— அவசரக்காரர், தாம்பரம்

ப: காப்பிப் பிரியருக்கு: 'த க்வியர் பிரின்ஸிபிள்ஸ் ஆஃப் கிட் வெப்' (2021), ஓய்வுபெற்ற வழிப்பறிக்காரன் காப்பிக்கடை வைத்திருக்கிறான்.
மந்திர தந்திரத்துக்கு: 'த மேக்பை லார்ட்' (2013).
கடத்தல் கதைக்கு: 'த சீக்ரெட் லைவ்ஸ் ஆஃப் கன்ட்ரி ஜென்டில்மென்' (2023), சதுப்பு நிலம், கள்ளச்சரக்கு, கோர்ட்டில் எதிரும் புதிருமாகக் காதலர்கள்.
அரசியல் பேசாமல் தூக்கம் வராதவருக்கு: 'எ ஸெடிஷியஸ் அஃபேர்' (2015), புரட்சிப் புத்தகக் கடைக்காரனும் உள்துறை அதிகாரியும் புதன்கிழமைதோறும் சந்திக்கிறார்கள்; பாதி நேரம் விவாதம்தான்.
பொருட்காட்சி பார்க்க: 'அன் ஐலண்ட் பிரின்ஸஸ் ஸ்டார்ட்ஸ் எ ஸ்கேண்டல்' (2023), 1889 பாரிஸ், ஈஃபில் கோபுரம் புத்தம் புதுசு.
ஐந்துக்கும் சுபம் உண்டு.

கே: போன வருஷம் உங்கள் பேச்சைக் கேட்டு ஆறு புத்தகம் வாங்கினேன். மனைவி திட்டுகிறாள். பரிகாரம்?
— நொந்த கணவர், கும்பகோணம்

ப: காசுக்காகத் திட்டுகிறார் என்று நினைத்தீர்களா? அவரும் இதே தபாலில் எழுதியிருக்கிறார். ஆறாவது புத்தகத்தை நீங்கள் ஆபீஸ் மேஜை டிராயரில் பூட்டிவைத்துவிட்டீர்களாம். நாளைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். 57 வருஷம் காத்திருக்க அவர் என்ன ஃபார்ஸ்டரா?